வேலைக்கு வராதவர்

எலத்தகிரி
1-10-1968

சேசு மரி சூசை

அண்ணன் இன்னாசிமுத்துவுக்கு மேரிராணி எழுதுவது.

இங்கே சுகம் என்று எழுத ஒன்றும் இல்லை. நீயாவது சுகமாக இரு. எனக்குப் பதில் எழுத உனக்குத் தெம்பு வேண்டும்.

நேற்று உங்கள் கம்பெனிக் கடிதம் வந்தது. ராயக்கோட்டைக் குவாரியில் ஜல்லி உடைத்த சவரியப்பன் என்கிற கூலி, ஆகஸ்டு ஐந்தாம் தேதி முதல் ‘வேலைக்கு வராதவர்’. அவர் எங்கே இருக்கிறார் என்று கம்பெனிக்குத் தெரியாது. கீழே மேனேஜர் கையெழுத்து. மேலே இருக்கும் எழுத்தெல்லாம் உன்னுடையது. ‘ழ’வுக்கு நீ இழுக்கிற நீள வாலை எனக்கு ஆறு வயதிலிருந்து தெரியும். என் புருஷனை வராதவர் என்று எழுதும்போதும் அந்த வாலை அழகாகத்தான் இழுத்திருக்கிறாய்.

ஆகஸ்டில் பத்து நாள் காய்ச்சலில் கிடந்தார், பேரை எடுத்துவிட்டார்கள், எல்லாம் சரி. நான் உன்னிடம் வந்து அழுதேன். நீ மறுபடியும் சேர்த்துவிட்டாய். அதற்குப் பிறகு ஐந்து வாரம் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய்ச் சனிக்கிழமை வந்தாரே, அவர் எங்கே போய் வந்தார்? செப்டம்பர் இருபது, வெள்ளிக்கிழமை, குவாரியில் பாறை சரிந்தது. இருபத்தொன்று, சனிக்கிழமை, அவர் வரவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க உன்னைப் போல் டைம் கீப்பராக இருக்க வேண்டுமா?

பேப்பரில் போட்டிருந்ததை வெட்டி வைத்திருக்கிறேன். ‘திம்மப்பன் என்பவர் பலி. நால்வர் காயம். உயிர்ச்சேதம் ஒன்று, எந்திரச்சேதம் ஒன்று.’ ஒரே வரியில் மனுஷனும் மிஷினும். மிஷினுக்காவது சேதம் என்று எழுத ஓர் ஆள் இருந்தான். என் வீட்டு மனுஷன் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

ஊரில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? பிள்ளை இல்லாதவன், பெங்களூருக்கு ஓடிவிட்டான், அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்கிறார்கள். தண்ணீர் எடுக்கப் போனால் பேச்சு நின்றுபோகிறது. கழுத்தில் தாலி இருக்கிறது. அதைப் போட்டுக்கொள்வதா கழற்றுவதா என்று யாரிடம் கேட்பது?

அவர் என்ன ஆனார்? ஒரே ஒரு வார்த்தை எழுது.

மேரிராணி

*

ஓசூர்
5-10-1968

அன்புள்ள தங்கை ராணிக்கு,

உன் கடிதம் ஆபீஸ் விலாசத்துக்கு வந்தது. தபால் கட்டை மேனேஜர்தான் பிரிக்கிறார். இனிமேல் வீட்டு விலாசத்துக்கே எழுது. பாறை சரிந்த பிறகு என்னைக் குவாரியிலிருந்து இங்கே ஓசூர் ஆபீசுக்கு மாற்றிவிட்டார்கள் என்பது உனக்குத் தெரியும்.

நீ பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறவள். வார்த்தைக்கு வார்த்தை சண்டை போடுகிறாய். கம்பெனிப் படிவம் என்னுடைய இஷ்டத்துக்கு எழுதுவது இல்லை. அதில் கட்டம் நான்குதான்: இறந்தோர், உறுப்பு இழந்தோர், காயமுற்றோர், வராதோர். பலி என்று பேப்பர்க்காரன் எழுதலாம், நாங்கள் எழுதக் கூடாது. பலி என்றால் கொடுத்தவன் யார் என்று கேள்வி வரும் என்று மேனேஜர் சொல்கிறார். பாதிக்கப்பட்டோர் என்றும் எழுதக் கூடாது. அப்படி எழுதினால் வீட்டில் இருக்கிற பெண்டு பிள்ளைகளும் அதில் வந்து நிற்பார்கள். இதெல்லாம் மேலிடத்து ஏற்பாடு, என் புத்தி அல்ல.

மாப்பிள்ளை அன்றைக்கு வேலைக்கு வந்ததாக மஸ்டர் ரோல் வருகைப் பதிவேட்டில் இல்லை. இல்லாத பேரை இறந்தோர் கட்டத்தில் நான் எப்படி எழுதுவேன்? நீ கொஞ்ச நாள் பொறுத்திரு. ‘வராதவர்’ என்பதைக் ‘காணாமற்போனவர்’ என்று மாற்ற முடியுமா என்று கேட்டுப் பார்க்கிறேன். அது கொஞ்சம் கௌரவமான வார்த்தை.

உன் அண்ணி செல்வம்மாள் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். சாப்பாட்டைக் கவனித்துக்கொள்.

உன் அண்ணன்
இன்னாசிமுத்து

*

எலத்தகிரி
10-10-1968

அண்ணா,

கௌரவமான வார்த்தையை நீயே வைத்துக்கொள். நேற்று செத்துப்போனவன் என் வீட்டுக்கு வந்தான்.

பள்ளி விட்டு வந்தபோது வாசலில் ஒருவன் துண்டால் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யாரப்பா நீ என்றேன். எழுந்து கும்பிட்டான்.

“அம்மா, பயப்படாதீங்க. திம்மப்பன் நான்தான். பேப்பர்ல போட்ட திம்மப்பன். சாவல, உசுரோடதான் கீறேன்.”

நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவனே செம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தான். பிறகு சொன்னான். அவன் வீட்டில் பேசுவது தெலுங்கு, தமிழ் நின்று நின்றுதான் வந்தது. அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ படி.

“வெள்ளிக்கெயம குந்தாரப்பள்ளி சந்தைம்மா. எருது ஒண்ணு வாங்கணும். ஒருநா வராட்டி மேஸ்திரி சென்றாயன் பேரை எடுத்துடுவாரு. அதுக்கோசரம் யாரும் பேரை உடமாட்டோம், வேற ஆளை நம்ம பேர்ல ஏத்தி உட்டுட்டுப் போவோம். நம்பர் போட்ட தகர வில்லைய குடுத்துட்டா போதும், டைம் கீப்பரு கண்டுக்கமாட்டாரு. அன்னிக்கி என் நாப்பத்தொண்ணாம் நம்பர் வில்லைய உங்க வூட்டுக்காரருகிட்ட குடுத்தேன். அஞ்சு வாரமா அவரு அப்பிடித்தான், ஒருநா ராமப்பன் பேரு, ஒருநா என் பேரு. டைம் கீப்பரே சொல்லி உட்டதுதான். சனிக்கெயம காலைல எருத ஓட்டிக்கினு வூட்டுக்குப் போறேன், என் பொஞ்சாதி மாரம்மா வளையல ஒடச்சிட்டு ஒக்காந்துகினு கீறா. என்னப் பாத்துட்டுப் பேய்னு ஓடுறா.”

கம்பெனி லாரியில் ஒரு பிணத்தைச் சாக்குப் போட்டு மூடிக் கொண்டுபோய் அவள் வாசலில் இறக்கினார்களாம். அன்றைக்குச் சாயங்காலமே அவர்கள் ஜனங்களின் இடுகாட்டில் புதைத்துவிட்டார்கள். முகத்தைத் திறக்காமலே தண்ணீர் ஊற்றியபோது கழுத்தில் ஏதோ கயிறு இருந்தது என்று மாரம்மா எடுத்து வைத்திருக்கிறாள். திம்மப்பன் மடியிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தான். உத்தரியம். மாதா படம் தைத்த பழுப்புத் துணி, கோவில் திருநாளில் நான் அவருக்கு வாங்கிப் போட்டது. திம்மப்பன் ஜனத்தில் யார் கழுத்தில் உத்தரியம் போடுகிறார்கள்?

மேஸ்திரி அவனை மாலூர்ப் பக்கம் தன் தம்பியின் செங்கல் சூளைக்குப் போய் ஆறு மாதம் ஒளிந்திரு என்று மிரட்டுகிறானாம். ரேஷன் கார்டில் அவன் பேரை அடித்துவிட்டார்கள். உயிரோடு இருக்கிறவனைச் சாகச் சொல்கிறீர்கள், செத்தவனை வேலைக்கு வரவில்லை என்கிறீர்கள்.

இப்போது ஒரே கேள்வி. லாரியில் ஏற்றும்போது நீ அங்கே இருந்தாய். சாக்குக்குள் இருந்தது யார் என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா?

மேரிராணி

*

ஓசூர்
14-10-1968

ராணி,

நீ கேட்கிறதெல்லாம் கேட்டுவிட்டாய். நானும் ஒன்று கேட்கிறேன். ஆகஸ்டில் என் வீட்டு வாசலில் வந்து அழுதவள் யார்? எப்படியாவது உள்ளே ஏற்றிவிடு அண்ணா என்றவள் யார்? புதுப் பேர் எழுதக் கூடாது என்று உத்தரவு இருந்தது. அதையும் மீறி அடுத்தவன் பேரில் ஏறிக்கொள்ளச் சொன்னது உனக்காகத்தான். சந்தை நாளில் மஸ்டர் ரோலில் இருக்கிறவர்களில் பாதிப் பேர் வேறு ஆட்கள் என்பது மேனேஜரிலிருந்து எல்லாருக்கும் தெரியும். பாறை விழுகிற வரைக்கும் அது உபகாரம். விழுந்த பிறகு அது குற்றம், அதற்கு நான் ஒருவன்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

உண்மையை எழுதினால் பொய் மஸ்டர் எழுதியவன் என்று என்னைப் பிடித்து உள்ளே போடுவார்கள். மேனேஜர் ஒரு ராத்திரியில் மங்களூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுவார். நான் எங்கே போவேன்? மூன்று பெண் பிள்ளைகள். இருக்கிற வீடு கம்பெனி வீடு.

வக்கீல் ஒருவரிடம் பேர் சொல்லாமல் கேட்டேன். காணாமற்போனவர் என்று எழுதிவிட்டால் ஏழு வருஷம் கழித்து இறந்தவராகக் கருதலாமாம். சட்டத்தில் வழி இருக்கிறது. அவசரப்பட்டு ஊரைக் கூட்டாதே. அந்தத் திம்மப்பனை வீட்டுக்குள் விடாதே, உனக்குத்தான் கெட்ட பேர்.

இன்னாசிமுத்து

*

எலத்தகிரி
18-10-1968

அண்ணா,

ஏழு வருஷம். அதுவரை என்னை என்ன என்று கூப்பிடுவார்கள், அதற்கும் வக்கீலிடம் கேட்டாயா?

நேற்று வகுப்பில் ஒரு பொருள் தரும் பல சொற்கள் பாடம். பாடப் புத்தகத்தில் சூரியனும் தாமரையும்தான் இருக்கின்றன. எனக்கு என்ன தோன்றியதோ, ‘இறந்தார்’ என்று கரும்பலகையில் எழுதி, இதற்கு வேறு சொல் சொல்லுங்கள் என்றேன். பிள்ளைகள் போட்டி போட்டுச் சொன்னார்கள். மாண்டார், மடிந்தார், காலமானார், மோட்சம் போனார், சிவலோகம் போனார், கண்ணை மூடினார், போய்ச் சேர்ந்தார், மண்ணாய்ப் போனார். ஒருத்தி எழுந்து, “டவுன்ல ஆனா அமரர் ஆனாருனு போடுவாங்க டீச்சர்” என்றாள். பலகை நிறைந்துவிட்டது. எத்தனை வார்த்தை வைத்திருக்கிறோம் பார். சாகிறவனின் பணத்துக்கும் வயதுக்கும் சாமிக்கும் தக்கபடி ஆளுக்கொரு வார்த்தை.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள், “டீச்சர், சவரியப்பன் மாமாவுக்கு இதுல எது? எங்கப்பா ஓடிட்டாருனு சொல்றாரு.” அதை அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நான் பலகையை அழித்துவிட்டு வெளியே போய் நின்றேன். தலைமை ஆசிரியை இரண்டு நாள் லீவு எடுத்துக்கொள் என்றார்.

கோவிலுக்குப் போய்ச் சுவாமியாரைப் பார்த்தேன். நவம்பர் இரண்டு, இறந்த விசுவாசிகள் திருநாள். இந்த வருஷம் இறந்தவர்களின் பேரைப் பீடத்திலிருந்து வாசித்துப் பூசை வைப்பார்கள், உனக்குத் தெரியாததல்ல. நம் அப்பா பேரை வாசித்தபோது நீதான் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். என் புருஷன் பேரை வாசியுங்கள் என்றேன். அவர் தலையைத் தடவிக்கொண்டார். “மகளே, உயிரோடு இருக்கிறவன் பேரை இறந்தவர்களோடு வாசித்தால் பெரிய பாவம். ஊரே ஓடிவிட்டான் என்கிறது. கம்பெனிக் காகிதமும் வரவில்லை என்கிறது. உத்தரியம் மட்டும் போதாது. திம்மப்பனும் அன்றைக்கு அங்கே இல்லை. உடலைக் கண்ணால் பார்த்தவன் ஒருத்தன் எழுதித் தரட்டும், நான் வாசிக்கிறேன்” என்றார்.

பார்த்தவன் நீ. எனக்குக் கம்பெனிப் பணம் ஒரு பைசா வேண்டாம். நஷ்டஈட்டுக்குக் கை நீட்ட மாட்டேன். அவர் செத்தார் என்று ஊர் கேட்க வேண்டும். ஓடிப்போனவன் பெண்டாட்டி என்று நான் சாக மாட்டேன். நவம்பர் இரண்டுக்குள் எழுதி அனுப்பு. இல்லையென்றால் திம்மப்பனைக் கூட்டிக்கொண்டு உன் ஆபீஸ் வாசலில் வந்து உட்காருவேன்.

மேரிராணி

*

ஓசூர்
24-10-1968

ராணி,

வராதே. தர்மபுரியிலிருந்து விசாரணைக்கு அதிகாரி வருகிறார், முப்பதாம் தேதி. அந்த நேரத்தில் நீ இங்கே வந்தால் நான் ஒழிந்தேன்.

நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதமாகச் சோறு இறங்கவில்லை. செல்வம்மாளிடம்கூடச் சொல்லவில்லை.

பதினோரு மணி வெடி வைத்துப் புகை அடங்கிய பிறகு ஆட்கள் இறங்கினார்கள். மேலே தொங்கின பாறை ஒன்று பிரிந்து வந்தது. கல்லைப் புரட்டி எடுக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. முகம் இல்லை. ஆனால் நான் சட்டையைப் பார்த்தேன். அது என் காக்கிச் சட்டை. சித்திரையில் நான்தான் மாப்பிள்ளைக்குக் கொடுத்தேன். பாக்கெட் கிழிந்த இடத்தில் செல்வம்மாள் நீல நூலால் தைத்திருந்தாள். அந்த நீல நூலைப் பார்த்தேன்.

மேனேஜர், யாரய்யா இது என்று கேட்டார். மஸ்டர் ரோல் என் கையில் திறந்திருந்தது. நாற்பத்தொன்று, திம்மப்பன் சார் என்று என் வாய் சொல்லிவிட்டது. யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. நானே சொன்னேன். சொன்ன பிறகு மாற்றிச் சொல்ல எத்தனையோ நேரம் இருந்தது. லாரியில் ஏற்றும்போது இருந்தது. போகிற வழியெல்லாம் இருந்தது. அந்தப் பெண் மாரம்மா ஓடிவந்து சாக்கைப் பிடித்து இழுத்தாள். முகத்தைத் திறக்காதே அம்மா, பார்க்கிற மாதிரி இல்லை என்று நான்தான் அவள் கையைப் பிடித்துத் தடுத்தேன். அவள் என் காலில் விழுந்து அழுதாள். யார் பெண்டாட்டி யாருக்காக அழுகிறாள் என்று அங்கே தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

மறுநாள் திம்மப்பன் திரும்பி வந்தது தெரிந்ததும் மேஸ்திரியும் மேனேஜரும் பேசி முடித்துவிட்டார்கள். நான் அவர்கள் சொன்னபடி எழுதினேன்.

சாக்குக்குள் இருந்தது சவரியப்பன். உனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. இதை வைத்து மனத்தைத் தேற்றிக்கொள். வெளியே எழுதித் தர என்னால் முடியாது. இதைப் படித்ததும் அடுப்பில் போடு.

உன் அண்ணன்
இன்னாசிமுத்து

*

ஓசூர்
5-11-1968

மேரிராணிக்கு,

தங்கை என்று எழுதப் பேனா வரவில்லை.

கூடப் பிறந்தவள் என்று நம்பித்தான் நெஞ்சைத் திறந்து எழுதினேன். முப்பதாம் தேதி விசாரணையில், அடுப்பில் போடு என்று எழுதியதைக்கூட அந்த அதிகாரி சத்தமாகப் படித்தார். ஆபீசில் பியூன் முதற்கொண்டு எல்லாரும் நின்று கேட்டார்கள். நீ முக்காட்டைப் போட்டுக்கொண்டு சுவரோரம் நின்றாய், ஒரு தடவைகூட என்னைப் பார்க்கவில்லை. அந்தத் திம்மப்பன், “நான்தான் செத்தவன் சார்” என்று கையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது மேனேஜர் சிரித்தார். இவன் திம்மப்பனின் தம்பி, நஷ்டஈட்டுக்கு வந்திருக்கிறான் என்று மேஸ்திரி சொன்னான். அதோடு முடிந்திருக்கும். நீ கடிதத்தை மேசையில் வைத்தாய்.

இது உங்கள் கையெழுத்தா என்று அதிகாரி என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வேன்?

எனக்கு வேலை போய்விட்டது. வீட்டைக் காலி செய்யப் பதினைந்து நாள் கொடுத்திருக்கிறார்கள். போலீஸ் இரண்டு தடவை வந்துவிட்டது. மேனேஜரும் மேஸ்திரியும் கைகாட்டுவது என்னைத்தான். செல்வம்மாள் பிள்ளைகளை அவள் அம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது, உங்கள் தங்கச்சி பண்ணினதுதான் சரி என்று சொல்லிவிட்டுப் போனாள். வீட்டில் எனக்கு இருந்த மரியாதையும் உன்னால் போயிற்று.

செத்தவனுக்கு ஒரு பேர் கிடைத்தது. உயிரோடு இருக்கிற நாங்கள் ஐந்து பேர் தெருவில் நிற்கிறோம். இப்போது உனக்குத் திருப்திதானே?

இன்னாசிமுத்து

*

எலத்தகிரி
9-11-1968

அண்ணா,

திருப்தி இல்லை. உன்னை ஏமாற்றித்தான் அந்தக் கடிதத்தை வெளியே எடுத்தேன். அது துரோகம் என்றால் துரோகம்தான். அடுப்புப் பக்கம் போய் உட்கார்ந்தேன், நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. மாரம்மா கையைப் பிடித்துத் தடுத்தேன் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மறுபடி படித்தேன். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு சுவாமியார் வீட்டுக்குப் போய்விட்டேன்.

நவம்பர் இரண்டாம் தேதி பேர் வாசித்தார்கள். பதினோராவது பேர். ‘சவரியப்பன், வயது முப்பத்துநான்கு, கல் குவாரியில் பாறை விழுந்து இறந்தார்.’ அவ்வளவுதான் எழுதிக் கொடுத்திருந்தேன், வேறு அலங்காரம் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஓடிவிட்டான் என்று சொன்னவர்கள் எல்லாரும் முழங்காலில் இருந்தார்கள். பூசை முடிந்து வீட்டுக்கு வந்து தாலியைக் கழற்றினேன். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. நாற்பத்து மூன்று நாள் கழித்து.

திம்மப்பனும் மாரம்மாவும் கோவில் வாசலுக்கு வெளியே நின்றிருந்தார்கள். அவர் உடலைத் தோண்டி எடுத்து நம் கல்லறைக்குக் கொண்டுவரலாமா என்று கேட்டேன். மாரம்மா ஒப்பவில்லை.

“வேணாம்க்கா. எங்க ஆளுன்னு மாரடிச்சி அயுதேன். எங்க ஆளு இல்லேன்னு தெரிஞ்சும் மூணாம் நாளு பாலும் ஊத்தியாச்சி. இனிமே அவரு எங்க ஆளுங்கூடத்தான். நீங்க வந்து உங்க சிலுவய நட்டுக்குங்க, எங்க பெரியவங்க ஒண்ணும் சொல்லமாட்டாங்க” என்றாள்.

வருகிற பதினேழாம் தேதி, ஞாயிறு, சிலுவை நடுகிறோம். சுவாமியார் சிலுவையை மந்திரித்து ஆசீர்வதிக்க வருகிறார். திம்மப்பன் ஜனமும் நம் ஜனமும் இருப்பார்கள்.

உன் பிள்ளைகள் தெருவில் நிற்க மாட்டார்கள். செல்வம்மாள் அண்ணிக்கு எழுதிவிட்டேன், மூன்று பேரும் என் வீட்டில் இருக்கட்டும், என் பள்ளிக்கூடத்திலேயே படிக்கட்டும். அது உனக்காக அல்ல. போலீஸ் உன்னை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. அதற்காக நான் அழ மாட்டேன், சந்தோஷப்படவும் மாட்டேன். மேனேஜரும் மேஸ்திரியும் சொன்னது பொய் என்று சாட்சி சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் வந்து சொல்வேன்.

மன்னித்தேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை, பொய் எழுத எனக்கு இஷ்டமும் இல்லை. கடிதத்தில் நீ உண்மையைச் சொன்னாய். அதை அடுப்பில் போடச் சொல்லித்தான் சொன்னாய். விசாரணையில் ஆமாம் என்றாய். அது மாட்டிக்கொண்ட பிறகு. யாரும் கேட்காமல் நீயாக ஒரு தடவைகூட அவர் பேரைச் சொல்லவில்லை.

பதினேழாம் தேதி வா. மாரம்மா முன்னால் நில். அன்றைக்கு நீ தடுத்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, மண்ணுக்குள் இருப்பது சவரியப்பன், எனக்குத் தெரிந்தே மாற்றிச் சொன்னேன் என்று எல்லார் காதிலும் விழும்படி சொல். அதற்குப் பிறகு எனக்கு அண்ணன் இருக்கிறானா என்று பார்க்கிறேன்.

இதற்குப் பதில் எழுதாதே. வந்து சொல்.

மேரிராணி